லாரிக்கு வாடகை உண்டு

பேரிடர் என்று வந்துவிட்டால் கலெக்டர் யாருடைய லாரியையும் எடுத்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளலாம். படகு, பொக்லைன் எதையும் எடுத்துக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அடுத்த பிரிவு, 66, எடுத்ததற்கு நட்டஈடு கொடுக்கச் சொல்கிறது. அந்த வட்டாரத்தில் வாடகை என்ன ஓடுகிறது என்று பார்த்துத் தொகையை முடிவு செய்ய வேண்டும். தொகை பத்தாது என்று லாரிக்காரர் நினைத்தால் 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்து நடுவரிடம் போகலாம். வேலை முடிந்து லாரி அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தால் அது அவருடைய லாரிதான். 'பன்னெண்டு நாளா வண்டி இங்க இல்லை, அதனால உன் நம்பர் பிளேட்டைக் கழட்டி வேற வண்டிக்கு மாட்டிட்டோம்' என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அந்த லாரியின் பின்பக்கத்தில் ஏறிப் போன ஆளுக்கு என்ன என்று தேடினேன். வளம் என்றால் என்னவென்று இந்தச் சட்டமே தொடக்கத்தில் விளக்கம் சொல்கிறது. ஆள்பலமும் அதில் சேர்த்தி. சரிதான், மனுசனை வளத்தில் சேர்த்திருக்கிறார்களே என்று 66க்குப் போனால் அங்கே கட்டடம் இருக்கிறது, வண்டி இருக்கிறது. ஆள் இல்லை. எடுக்கும்போது ஆளும் வளம். கணக்குத் தீர்க்கும்போது கட்டடமும் வண்டியும் மட்டும்.

எங்கப்பா அப்படி லாரியில் ஏறிப் போனவர். எங்கக்காவும் ஏறிப் போனவள். 11 வருச இடைவெளியில், ஒரே நகராட்சியிலிருந்து, ஒரே தெருவிலிருந்து. அவர் திரும்பி வந்தபோது வேலை இருந்தது. அவள் திரும்பி வந்தபோது இல்லை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். வீட்டில் பேசுவது தெலுங்கு, வெளியே தமிழ். நகராட்சியில் எங்கள் சனத்துக்கு என்று ஒதுக்கின வேலை எதுவென்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா நிரந்தரத் தொழிலாளி. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் உள்ளே வந்தது. மறுநாள் ராத்திரி மேஸ்திரி எங்கள் தெருவுக்கு வந்தார். ஊரில் எத்தனையோ தெரு இருக்கிறது. ஆள் வேணுமென்றால் எந்தத் தெருவுக்குப் போகணும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "நாகப்பட்டினத்துக்கு ஆள் கேக்குறாக. மாத்துத்துணி எடுத்துக்கிட்டு வாங்க. நாலு நாளுதான்" என்றார். போனது பதினெட்டு நாள்.

அங்கே என்ன நடந்தது என்று அப்பா வரிசையாகச் சொன்னதில்லை. துண்டு துண்டாக வரும். அதுவும் தண்ணி போட்டிருந்தால்தான் வரும். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் சாவு. தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்து எங்கள் ஆட்களைத்தான் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து, முள்ளுக்குள்ளிருந்து, படகுக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டும். குழி, சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர். "மொத ரெண்டு நாளு கையுறை இல்லடா. பாலித்தீன் பையக் கையில சுத்திக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டோம். மூணாம் நாளு வந்துச்சு. அது எம்மாம்பெருசு, தூக்குனா கழண்டு அதுகூடவே போயிரும்" என்பார். எதுகூட என்று சொல்லமாட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு ரிட்டையர் ஆகிறவரை பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரிக்கிற வேலையை மட்டும் வேறொருத்தர் தலையில் தள்ளிவிட்டுவிடுவார். அதற்காகச் சாக்கடை அடைப்பு எத்தனை வேண்டுமானாலும் எடுப்பார்.

அங்கே வேலைக்கு வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். தமுமுக ஆட்கள் வந்தார்கள், இன்னும் பலர் எங்கிருந்தெல்லாமோ வந்து பிணம் தூக்கினார்கள், அடக்கம் செய்தார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் அவர்களைக் கூட்டி வந்தது அவர்கள் மனசு. எங்கப்பாவைக் கூட்டிப்போனது நகராட்சி லாரி. வரமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வாய் இருந்தது. அதே கரையில், அதே வாரத்தில், நிவாரண முகாம்களிலிருந்து தலித்துகளைத் தள்ளி வைத்த கதை அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பிற்பாடு வந்த பேரிடர்ச் சட்டத்தில் நிவாரணம் கொடுப்பதில் சாதி பார்க்கக் கூடாது என்று 61ஆம் பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. பிணம் தூக்க ஆள் பிடிக்கும்போது சாதி பார்க்கக் கூடாது என்று எந்தப் பிரிவும் இல்லை.

ஆனாலும் அப்பாவின் வேலை அப்படியே இருந்தது. பதினெட்டு நாளும் பணிநாள் என்று ஏறியது. சம்பளம் பிடிக்கவில்லை. பேட்டா என்று ஒரு சின்னத் தொகை நாலு மாசம் கழித்து வந்தது. காப்பாற்றியது பேரிடர்ச் சட்டம் இல்லை, அன்றைக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது. காப்பாற்றியது நகராட்சி அலமாரியில் இருந்த அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டர். அழுக்குப் பிடித்த அந்த நோட்டில் அவர் பேர் இருந்தது, அப்பன் பேர் இருந்தது, சேர்ந்த தேதி இருந்தது. அந்தப் பேரை அழிக்க வேண்டுமானால் மெமோ கொடுக்கணும், விசாரிக்கணும், எழுதணும். வாயால் அழிக்க முடியாது.

2012இல் அவர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இடத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த வார்டு ஒப்பந்தத்துக்குப் போனது. 2014 ஜூலையில் அக்கா அதே வார்டில், அப்பா தள்ளின அதே தெருக்களில், ஒப்பந்தக்காரரின் ஆளாக வேலைக்குச் சேர்ந்தாள். சர்வீஸ் ரிஜிஸ்டர் கிடையாது. சூப்பர்வைசர் கையில் ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

அக்காவும் ஒரு நோட்டு வைத்திருந்தாள். நாற்பது பக்க நோட்டு, மகனுடையது. சங்கத் தோழர் ஒருவர் சொல்லியிருந்தார்: தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள், 24 மாசத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று. ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அது செல்லுமா, முதலாளி நகராட்சியா ஒப்பந்தக்காரரா என்பதிலேயே வழக்கு வருசக்கணக்கில் நிற்கும் என்பதையும் அந்தத் தோழர் மறைக்கவில்லை. "முதல்ல நாளு இருக்கணும்க்கா. நாளு இருந்தாத்தான் வழக்கு" என்றார். அதைப் பிடித்துக்கொண்டாள். தினம் சாயங்காலம் மகன் ஒரு கோடு போடுவான். அஞ்சு கோடு சேர்ந்தால் குறுக்கே ஒன்று. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் 441 கோடு ஆகியிருந்தது. இன்னும் 39.

சென்னையில் வெள்ளம். டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு ஏறி ஊருக்குள் வந்ததை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். 4ஆம் தேதி ராத்திரி மேஸ்திரி வந்தார். அப்பாவைக் கூப்பிட்டவர் இல்லை, வேறு ஆள். தெரு அதேதான். பதினாலு பேர், அதில் ஒன்பது பேர் பொம்பளைகள். நிரந்தரத் தொழிலாளி ஐந்து பேர், மற்றவர்கள் ஒப்பந்தம். இந்த முறையும் நாலு நாளுதான். இந்த முறையும் மாத்துத்துணி.

"மெத்தை தண்ணி குடிச்சா எம்புட்டுக் கனம் இருக்கும்னு உனக்குத் தெரியுமா தம்பி?" என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரியாது. நாலு பேர் பிடித்தாலும் வழுக்கும், பிழிந்தால் சாக்கடை ஒழுகும். மாடி வீட்டுக்காரர்கள் வாசலில் மலை மாதிரி போட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்களாம். மெத்தை, சோபா, பிரிட்ஜ், அதற்குள் அழுகின கறி. செத்த நாய். தங்கினது ஒரு பள்ளிக்கூடத்தில். பொம்பளைகள் ஒன்பது பேருக்கும் ஒரே கக்கூஸ், அதிலும் தண்ணி வராது. இருட்டினபிறகு வெளியே போக வேண்டும் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணி குடிப்பதை நிறுத்தினார்கள். மூன்றாம் நாளே காலில் சேத்துப்புண். ஊருக்கே சோறு போட்டுக் கொண்டிருந்த தன்னார்வலர்கள் நல்ல பிள்ளைகள், ஒரு பையன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தானாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்கு வார்டு ஆபிசுக்குப் போனால் அவள் தள்ளுவண்டியை வேறொருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளும் எங்கள் தெருக்காரிதான். சூப்பர்வைசர் நோட்டைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு நாளும் ஆப்சென்ட்.

"நீங்கதான சார் அனுப்பிச்சீங்க?"

"நான் எங்கம்மா அனுப்பினேன்? நகராட்சி அனுப்புச்சு. நகராட்சில போய்க் கேளு."

நகராட்சியில் சானிட்டரி இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். அது எங்கள் வரலாற்றில் சின்ன விசயம் இல்லை. ஆனால் அவர் கையிலும் காகிதம் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தது, ஆள் அனுப்பினோம், ஒப்பந்தத் தொழிலாளி பேரில் எந்த உத்தரவும் போடவில்லை என்றார். நிரந்தரத் தொழிலாளி ஐந்து பேருக்கும் பணிநாள் ஏறிவிட்டது. சென்னையில் தினம் காலையில் பேர் எழுதிக் கையெழுத்து வாங்கினார்களே, அந்தக் காகிதம் எங்கே என்றால் சென்னையில் எந்த மண்டல ஆபிசிலோ இருக்கும். யார் போய் எடுப்பது?

ஒப்பந்தக்காரரையும் பார்த்தோம். நானும் கூடப் போனேன். அந்த ஆளின் கணக்கு அவருக்குச் சரியாக இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று நாள் கணக்கில் நகராட்சி அவருக்குப் பணம் கொடுக்கிறது. இங்கே தலை குறைந்தால் பில்லில் பிடிப்பார்கள். சென்னையில் நின்ற தலைக்கு இங்கே பில் கிடையாது. "ஒம்போது தலை குறைஞ்சா நான் என்ன பண்றது வாத்தியாரே? ஆள் போட்டேன். போட்ட ஆளை இப்ப நிப்பாட்டச் சொல்றீங்களா? அதுவும் உங்க சனம்தான்" என்றார். கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன தோரணை இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் பிழைப்புக்கு எங்களையே எதிராளியாக நிறுத்துகிற கலையை இவர்களுக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை.

ஐந்து வாரம் அலைந்தோம். சங்கம் நகராட்சி வாசலில் ஒருநாள் உட்கார்ந்தது. கடைசியில் ஒன்பது பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் புது ஆளாக. புதுத் தேதி, புது பி.எப். நம்பர், வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து. 441 போய் 1 வந்தது. பன்னிரண்டு நாள் கூலியைச் சென்னையும் தரவில்லை, இங்கேயும் தரவில்லை. அந்த நாற்பது பக்க நோட்டில் மிச்சப் பக்கங்களில் பையன் கணக்குப் பாடம் எழுதினான். அக்காதான் எழுதச் சொன்னாள்.

இங்கே என்னைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அரசுப் பள்ளி ஆசிரியன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் கூப்பிட்டார்கள். எழுத்து மூலமாக, பேர் போட்டு, முத்திரை குத்தி உத்தரவு வந்தது. அடையாள அட்டை கொடுத்தார்கள், மதிப்பூதியம் கொடுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தில் பின்னால் சேர்த்த ஒரு பிரிவு இருக்கிறது. கணக்கெடுப்பு வேலைக்குப் போனதால் எந்த ஊழியருக்கும் தன் பணியில் எந்தப் பாதகமும் வரக் கூடாது, போன காலம் சொந்த வேலையில் இருந்த காலமாகவே எண்ணப்பட வேண்டும், பதவி உயர்வு உரிமை கெடக் கூடாது. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள்! வீடு வீடாகப் போய் எண்ணுகிறவனுக்கு இந்தக் காப்பு. அந்த வீட்டுக்குள் அழுகிக் கிடந்ததை அள்ளுகிறவளுக்கு இல்லை. அக்கா வீட்டையும் நான்தான் எண்ணினேன். தொழில் என்ற கட்டத்தில் எழுதினேன்.

பட்டாளத்துக்கும் இதே மாதிரி உண்டு. பிரதேச ராணுவச் சட்டமும் 1948தான். பிரதேச ராணுவத்தில் இருக்கிறவரை நாடு கூப்பிட்டால் போய்வந்தபிறகு பழைய முதலாளி அவரைப் பழைய வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே இப்படி எழுத அரசுக்குத் தெரியாமல் இல்லை. கூப்பிட்டவனே பொறுப்பு என்ற எளிய நியாயம் இந்தியச் சட்டத்தில் எப்போதோ ஏறிவிட்டது. யாருக்கு என்பதுதான் விசயம்.

எங்களைக் கூப்பிட்ட சட்டங்கள் வேறு மாதிரி. சென்னை மாகாணத்தில் 1858இல் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். ஏரிக்கரை, ஆற்றங்கரை உடையப் போகிறது என்றால் ஊர்த்தலைவர்கள் மூலமாக ஆட்களை அழைத்து வேலை வாங்கலாம். எல்லோரையும் இல்லை. உடல்வலு உள்ள, 'உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த' ஆண்களை. ஏரித்தண்ணி யாருடைய நெல்லுக்குப் போகிறதோ அவரை இல்லை. நடுராத்திரி மழையில் மடையில் இறங்கி மண்மூட்டை போட்டவன் யார், கரையில் குடை பிடித்து நின்றவன் யார் என்று எங்கள் பாட்டன்களைக் கேட்டால் சட்டப் புத்தகம் தேவைப்படாது. ஊருக்கு இழவு சொல்லப் போவது, செத்த மாட்டை இழுப்பது, காலரா வந்தால் பிணம் புதைப்பது எல்லாம் அவசர வேலைதான். ஊரின் அவசரங்களை எல்லாம் ஒரு சாதிக்கு எழுதிவைத்திருந்தார்கள். நிதானமான வேலைகளை மற்றவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அம்பேத்கர் இதைப் பார்த்திருந்தார். அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு வெட்டியையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவைத்தான் நம் தோழர்கள் மறந்துபோகிறார்கள். பொதுக் காரியத்துக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம், ஆனால் அப்படிக் கேட்கும்போது மதம், இனம், சாதி, வகுப்பு என்ற காரணத்தால் மட்டும் பாகுபாடு காட்டக் கூடாது. வகுப்பு என்ற சொல்லும் இருக்கிறது. 1858இன் 'உழைக்கும் வகுப்பு'க்கு நேராக வைத்துப் படித்துப்பாருங்கள். மேஸ்திரியின் டார்ச் வெளிச்சம் 2004இலும் 2015இலும் ஏன் ஒரே தெருவில் விழுந்தது என்று இந்த உட்பிரிவை வைத்துக் கேட்க வேண்டும். சாதி பார்க்கவில்லை, துப்புரவுத் தொழிலாளியைத்தான் கூப்பிட்டோம் என்று பதில் வரும். அந்தத் தொழிலாளியாக யாரை வைத்திருக்கிறீர்கள் என்பதற்குத்தான் பதில் வராது. ஆசியாட் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்குகிற வேலையும் 23ஆம் பிரிவின் கீழ் கட்டாய உழைப்புதான் என்றது. அப்படியானால் கூலியே இல்லாத அக்காவின் பன்னிரண்டு நாளுக்கு என்ன பேர்?

2014 மார்ச் 27இல் வந்த தீர்ப்பும் எனக்கு முக்கியம். சாக்கடைச் சாவுகள் பற்றியது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் பாதாளச் சாக்கடையில் ஆளை இறக்குவது அவசர நிலைமையிலும் குற்றமாக்கப்பட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 'அவசர நிலைமையிலும்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக நான் அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். அவசரம் என்ற சொல்லைச் சொல்லித்தான் எங்களிடம் எல்லாவற்றையும் வாங்கினார்கள். கையுறை அப்புறம், காகிதம் அப்புறம், கூலி அப்புறம். அவசரம் முடிந்ததும் ஆளே அப்புறம்.

பிறகு கொரோனா. 2020இல் எங்களுக்குப் பேர் மாற்றினார்கள், துப்புரவுப் பணியாளர் போய்த் தூய்மைப் பணியாளர் ஆனோம். மார்ச் 22 சாயங்காலம் ஐந்து மணிக்குக் கை தட்டினார்கள், தட்டைத் தட்டினார்கள். காலில் பூப்போட்டார்கள், மாலை போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னால் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது: யாரையும், குறிப்பாகத் தற்காலிக, ஒப்பந்தத் தொழிலாளரை, வேலையை விட்டு நிறுத்தாதீர்கள், கூலியைக் குறைக்காதீர்கள் என்று. அது ஆலோசனை. உத்தரவு இல்லை. ஆலோசனையைப் படித்து எந்த ஒப்பந்தக்காரர் பயந்தார்? 2021 ஜனவரியில், தடுப்பூசி வந்துகொண்டிருந்த அதே மாசத்தில், சென்னையில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை போய் ரிப்பன் மாளிகை முன்னால் நின்றார்கள். கொரோனாத் தெருக்களைக் கூட்டினவர்கள்.

2025 ஆகஸ்ட் 1 முதல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தொழிலாளர்கள் அதே ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தார்கள். வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 13 நாள். பெரும்பகுதி பெண்கள், பெரும்பகுதி தலித்துகள். வெள்ளத்தில் வந்தோம், கொரோனாவில் வந்தோம், மிக்ஜாம் புயலில் வந்தோம், இப்போது எங்களைத் தெரியவில்லையா என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் இழுத்துப்போய் வண்டியில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளருக்கு இலவசக் காலை உணவு உள்ளிட்ட திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது வேலை.

எங்கள் பக்கத்திலேயே ஒரு விவாதம் இருக்கிறது, அதை மூடிவைக்க விரும்பவில்லை. சங்கக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் பேசியபோது இளைய தோழர் ஒருவர் எழுந்தார். "இந்த வேலைக்குப் பாதுகாப்புக் கேட்கிறது, எங்களை இதுலயே வச்சுக்கோங்கன்னு கேட்கிறதுதானே? விட்டு வெளிய வர்றதுதானே விடுதலை?" என்றார். நியாயமான கேள்வி. நானே அப்படி வெளியே வந்தவன்தான். அப்பாவின் நிரந்தரச் சம்பளத்தில் படித்து வெளியே வந்தேன் என்பதுதான் என் பதில். வேலையில் காலூன்றியவன் பிள்ளைதான் அந்த வேலையை விட்டுத் தாண்டுகிறது. கோடு போட்டுக் கோடு போட்டு 441இல் விழுகிறவள் பிள்ளை அதே தள்ளுவண்டிக்குத்தான் வரும். அம்பேத்கர் செத்த மாட்டைத் தூக்காதே என்றார். அதே அம்பேத்கர் பம்பாய் மாநகராட்சித் தொழிலாளருக்குச் சங்கமும் கட்டினார். இரண்டும் முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தத் தோழர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா பின்வரிசையில் இருந்து ஒன்று சொன்னாள்: "வெளிய வர்றதா இருந்தாலும் நானா வரணும் தம்பி. அவன் பேரை வெட்டி நான் வெளிய வந்தா அது என்ன விடுதல?"

கேட்க வேண்டியது பெரிய காரியமும் இல்லை. வெளியூர் அவசர வேலைக்கு அனுப்பும் எவருக்கும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, பேர் போட்ட எழுத்து உத்தரவு. அங்கே எடுத்த வருகைப் பதிவு இங்கே வந்து சேர வேண்டும், அந்த நாட்கள் இங்கே வேலை பார்த்த நாட்களாக ஏற வேண்டும். ஒப்பந்தக்காரர் ஆள் மாற்றினாலும் ஒப்பந்தக்காரரையே நகராட்சி மாற்றினாலும் போனவள் இடம் அவளுக்கு. கூலியைக் கூப்பிட்ட அரசே கொடுக்க வேண்டும். முடியாது என்று சொன்னால் வேலை போகக் கூடாது. கணக்கெடுப்புச் சட்டத்தில் இருக்கிற பிரிவைப் பேரிடர்ச் சட்டத்தில் எடுத்து எழுதினாலே முக்கால்வாசி முடிந்தது. அந்தத் தெரு, இந்தத் தெரு என்பது மட்டும் அதில் தீராது. அதற்கு 23ஆம் பிரிவை வைத்துக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நம் வழக்கறிஞர்கள் யாராவது யோசித்தால் எங்கள் தெருவிலிருந்து சாட்சி சொல்ல ஆள் உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்துச் சென்னை மறுபடியும் மிதந்தபோது சூப்பர்வைசர் எங்கள் தெருவுக்கு வந்தார். வேறு ஒப்பந்தக்காரர், வேறு சூப்பர்வைசர். அக்கா கதவைத் திறந்து, "எழுதிக் குடுங்க சார், வர்றேன்" என்றாள். அவருக்குக் கோபம். "அங்க சனம் செத்துக்கிட்டிருக்கு, நீ எழுத்துக் கேக்குற. மனுசத்தன்மை இல்ல?" என்றார். அக்கா கதவைச் சாத்தவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. பக்கத்து வீட்டு இரண்டு பேரும் அவள் வாசலுக்கு வந்து நின்றுகொண்டார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு டீக்கடைச் சீட்டை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினார்: சென்னை வேலைக்கு 11 பேர், பெயர்கள், தேதி, கையெழுத்து. முத்திரை இல்லை. நகராட்சி பேரும் இல்லை. அக்கா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பேரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது. பேனாவைத் திருப்பிக் கேட்டு வாங்கி அந்தக் காலைப் போட்டுவிட்டு லாரிக்குப் போனாள்.